செவ்வாய் வெள்ளி டாக்டரம்மா

அத்தியாயம் ஒன்பது

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, புள்ளத்தாச்சிப் பொண்ணை வாசப்படி தாண்டி அனுப்பச் சொல்றியே, உனக்கு எப்படிடீ வாய் வருது?"

வெங்கடம்மாள் கேட்டாள். பூவம்மாளின் வாயில் வந்த பதில் பெற்ற தாயிடம் சொல்லக்கூடியதாக இல்லை. அதை விழுங்கிவிட்டு வேறொன்றைத் தேடினாள்.

"டாக்டரம்மா வர்றதே செவ்வாயும் வெள்ளியும்தான் அம்மா. அண்ணியைப் புதன்கிழமை கூட்டிட்டுப் போனா யார் பாக்கறது? ஆஸ்பத்திரி பெஞ்சியா?"

"புதன்கிழமை வரச் சொல்லு."

"வேற நாள் அவங்களுக்குப் பெங்களூருல வேலை இருக்கு."

"அப்ப நமக்கும் வெள்ளிக்கிழமை வூட்டுல வேலை இருக்கு. விளக்கு பூஜை இருக்கு. மகாலட்சுமியை யாராச்சும் வெள்ளிக்கிழமை வெளியே தள்ளுவாங்களா?"

அந்த மகாலட்சுமி, மருமகள் நாகம்மா, அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி, புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு மாதம் நிறைந்துவிட்டது. பாதங்கள் வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. கொட்டையை ஒரு பக்கமும் புளியை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் இதே நாகம்மா இதே வீட்டில் வலி எடுத்துக் கிடந்தாள். ரோட்டு ஆஸ்பத்திரியில் அப்போது லேடி டாக்டர் இல்லை. இருந்தவள் மாற்றலாகிப் போய்விட்டாள், வர வேண்டியவள் வரவில்லை. கட்டை வண்டியில் பெங்களூருக்குக் கிளம்பினார்கள். அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் குழந்தை போய்விட்டது. தாய் பிழைத்ததைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசினார்கள்.

அந்த வீட்டில்தான் போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டில் பூவம்மாளின் அப்பா நாராயணப்பன், "இந்த அரை டாக்டர் இனிமே வேணாம். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி கமிட்டியில முடிச்சுடறேன்" என்று களியை உருட்டிக்கொண்டே சொன்னார். பூவம்மாள் எழுந்து நின்று கத்தினாள். பாகலூர்ப் பக்கத்தில் பி.ஏ. படித்த முதல் பெண் கத்தியதை எதிர்வீட்டு எருமைகள்கூடத் திரும்பிப் பார்த்தன. நாராயணப்பன் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் இன்று.

"அண்ணா, நீயாவது சொல்லேன்" என்று பூவம்மாள் வாசல் பக்கம் திரும்பினாள்.

சின்னராஜ் அங்கே இல்லை. வீட்டில் சண்டை என்றால் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்ற ஞாபகம் அவனுக்கு வந்துவிடும். அந்த வீட்டு மாடுகள் தாகம் என்பதையே அறியாதவை.

"பூவு" என்றாள் நாகம்மா, புளியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ போய்ட்டு வா. கத்தாதே. உன் தொண்டை கெட்டுப்போனா பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு யாரு பாடம் சொல்றது?"

"உனக்குக் கோபமே வராதா அண்ணி?"

"வரும். வந்தா வேலை பாத்துக்கிட்டே வரும்."

இந்த வீட்டில் எல்லோருக்கும் பொறுமை இருக்கிறது, அந்தப் பொறுமையில்தான் போன தடவை ஒரு குழந்தை செத்தது என்று பூவம்மாள் நினைத்துக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

* * *

பாகலூர் ரோட்டில், ஓசூருக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது அந்த ஆஸ்பத்திரி. குடியானவர்கள் கூடிக் கட்டியது. ரோட்டு ஆஸ்பத்திரி என்று சொன்னால்தான் ஜட்காக்காரனுக்கே தெரியும். காய்ச்சல், காயம் பார்க்கச் சின்ன டாக்டர் ஒருவர் உண்டு. பிரசவத்துக்கு என்று படித்த டாக்டர் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, சர்க்காரும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் கமிட்டி மாலை போட்டது, போட்டோ பிடித்தது. வந்தவர்கள் போட்டோ கழுவி வருவதற்குள் மாற்றலுக்கு எழுதிப் போட்டார்கள். ஒரு லேடி டாக்டர் போட்டோவையும் கையோடு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம்தான் டாக்டர் சபீஹா வந்தார். பெங்களூரில் பட்டாளம் இருக்கும் தண்டுப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பம். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ ஆபரேஷன் செய்கிறவர். "மாற்றல் வேண்டாம், வீடு வேண்டாம், வாரத்தில் ரெண்டு நாள் வருகிறேன், நீங்கள் போதும் என்கிறவரைக்கும் வருகிறேன்" என்றார். ஆறு மாதம் பார்க்கலாம் என்று சேலத்தில் இருக்கும் ஜில்லாப் பெரிய டாக்டர் உத்தரவு போட்டார். அந்த ஆறு மாதம் இன்றோடு முடிகிறது. தொடர்வதா வேண்டாமா என்று கமிட்டி இன்றைக்குச் சொல்லியாக வேண்டும்.

பூவம்மாள் போனபோது வராண்டா காலியாக இருந்தது.

"யாருமே வரலையா செல்லி?"

ஆயா செல்லி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "ஒரு ஆட்டுக்குட்டி வந்து பெஞ்சி மேல படுத்திருந்துச்சு டீச்சரம்மா. அதுக்கும் மாசமில்லைன்னு விரட்டிட்டேன்."

"விளையாடாதே."

"நேத்து வந்து பாத்திருக்கணும் நீங்க. வராண்டா பூரா வயித்தைத் தள்ளிக்கிட்டு உக்காந்திருக்காளுங்க. 'டாக்டரம்மா எங்க'ன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? இன்னிக்கு வாங்கடீன்னா, 'வெள்ளிக்கிழமையா!'ன்னு வாயில கை வெக்கிறாளுங்க. செவ்வாய்க்கிழமையும் இதே கூத்து. பாவம், அந்தம்மா காலி பெஞ்சியைப் பாத்துட்டு பஸ் ஏறிப் போவுது."

ஆறு மாதமாக வீடு வீடாகப் போய், "நாளில் என்ன இருக்கிறது? எல்லாம் மூடநம்பிக்கை" என்று பேசியவள் பூவம்மாள்தான். பெண்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், மோர் கொடுத்தார்கள், வியாழக்கிழமை வந்தார்கள்.

டாக்டர் சபீஹா வந்து சேர உச்சிப்பொழுது ஆகிவிட்டது. வெள்ளைப் புடவைத் தலைப்பு பூராவும் சிவப்புப் புழுதி. தோல்பையை மேஜையில் வைத்த வேகத்தில் உள்ளே கண்ணாடிகள் கலகலத்தன.

"சோதனைச் சாவடியில் மறுபடி நிறுத்தினார்களா டாக்டரம்மா?"

"நிறுத்தாம இருப்பாங்களா? இந்தப் பக்கம் மதுவிலக்கு ஆச்சே. பையில ஸ்பிரிட் பாட்டில் இருக்கு. வாரா வாரம் அதே ஆளு, அதே பாட்டில். 'இது குடிக்கிறதாம்மா?'ன்னு மோந்து பாக்கறான். 'குடிச்சுப் பாருப்பா, உனக்கும் நானே வைத்தியம் பாக்கறேன்'னேன். அதுக்குள்ள பஸ் போயிடுச்சு." காலி பெஞ்சியை எட்டிப் பார்த்தார். "இதுக்குத்தான் ஓடி வந்தேன். உங்க அண்ணி வரலையா?"

"வெள்ளிக்கிழமையாம்" என்றாள் பூவம்மாள். "டாக்டரம்மா, ஒன்று கேட்கிறேன், தப்பா நினைக்காதீங்க. வர்ற கிழமையையாவது மாத்தி எடுத்திருக்கக் கூடாதா நீங்க?"

டாக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நானா எடுத்தேன்? திங்களும் வியாழனும் வரேன்னுதான் சொன்னேன். உங்க ஊர்ப் பெரியவங்கதான் உக்காந்து நல்ல நாள் பாத்து மாத்தினாங்க. செவ்வாயும் வெள்ளியும் ரொம்ப மங்களகரம்னு கமிட்டி வெங்கடசாமி சார் சொன்னார். நான் அதுக்குத் தகுந்த மாதிரி அங்க முறையை மாத்திக்கிட்டேன். இப்ப திங்களும் வியாழனும் எனக்கு அங்க ஆபரேஷன் நாள்."

பெண்கள் ஆஸ்பத்திரிக்கு நாள் குறித்தது ஆண்கள். ஒரு வீட்டிலாவது, அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்த்து, "என்ன நாள் தோதுப்படும்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏன் டாக்டரம்மா, நீங்க இங்கேயே தங்கிட்டா என்ன? அப்பா கேட்பார். நான் கேட்கலை, அவருக்குப் பதில் வேணும்."

"தங்கலாம். மாசத்துக்கு ஒண்ணோ ரெண்டோ ஆபரேஷன் வரும். ஒரு வருஷத்துல இந்தக் கை மறந்துடும்." டாக்டர் வலது கையை விரித்துக் காட்டினார். "அங்க தினமும் செய்யறதாலதான் இங்க வந்து செய்ய முடியுது. கை மறந்த டாக்டரை வீட்டோட வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போறாரு உங்க அப்பா?"

* * *

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே டாக்டருக்கு என்று கட்டிய குவார்ட்டர்ஸ். நிலம் கொடுத்ததும் நின்று கட்டியதும் நாராயணப்பன். மங்களூர் ஓடு, சிமெண்டுத் தரை, ஜன்னலுக்குப் பச்சை வர்ணம். மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. சாவி நாராயணப்பன் இடுப்பில். கமிட்டி கூடும்போது மட்டும் திறப்பார்கள். டாக்டருக்கு வாங்கிப் போட்ட நாற்காலிகளில் கமிட்டி உட்காரும்.

கமிட்டி என்பது மூன்று பேர். நாராயணப்பன். தோல் வியாபாரம் செய்யும் குலாம் முகம்மது. தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையரான வெங்கடசாமி.

பூவம்மாள் கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

"இங்க பொம்பளைங்களுக்கு இன்னா வேலை?" என்றார் நாராயணப்பன்.

"இது பொம்பளைங்க ஆஸ்பத்திரி விஷயம் நைனா. உங்களுக்கு இன்னா வேலைன்னுதான் கேட்க வந்தேன்."

குலாம் முகம்மது சிரிப்பை இருமலாக்கினார். வெங்கடசாமி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "உக்காரும்மா, ரூல்படி ரயத்துக் குடியானவங்க யார் வேணும்னாலும் வந்து கேக்கலாம்" என்றார். "விஷயம் சிம்பிள். ஒரு போஸ்டுக்கு ஒரு ஆள். வாரத்துல ரெண்டு நாள் ஆள் அப்படின்னு ஒரு ஆளே ரூலில் கிடையாது."

"ரூலில் இருந்த ஆளெல்லாம் ஓடிப்போயிட்டாங்களே ஐயா."

"போனா வேற வரும்" என்றார் நாராயணப்பன். "ராஜா மாதிரி வீடு கட்டி வெச்சிருக்கேன். நாலு ஊர்ல கேக்கறான், 'உங்க ஊர் டாக்டரு எங்க?'ன்னு. 'பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்காங்க'ன்னு சொல்லச் சொல்றியா? கூட்டமாவது வருதா? பெஞ்சியைப் போய்ப் பாரு. காலி."

"காலியாத்தான் இருக்கும். செவ்வாய் வெள்ளின்னு நாள் பார்த்தது யாரு?"

"நான்தான்" என்றார் வெங்கடசாமி, பெருமையாக. "பஞ்சாங்கத்தைப் புரட்டி, ரெண்டுமே லட்சுமிகரமான நாளுன்னு—"

"பஞ்சாங்கத்தைக் கேட்டீங்களே, உங்க வீட்டு ரங்கம்மா அம்மாளைக் கேட்டீங்களா? இன்னிக்கு அவங்க வாசப்படி தாண்டுவாங்களா?"

வெங்கடசாமி கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் குலாம் முகம்மது. "வெள்ளிக்கிழமை ஜும்மா. எங்க வூட்டுப் பொம்பளைங்களும் அன்னிக்கு வர மாட்டாங்கன்னு."

"அப்பவே சொன்னீங்களா மாமா? யார்கிட்ட?"

"மனசுக்குள்ளதாம்மா சொன்னேன்."

பூவம்மாளுக்கு அங்கே இருந்த நாற்காலியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறிந்தால் அதற்கும் ஒரு ரூல் எடுத்துப் படிப்பார் வெங்கடசாமி. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"சரி. கிழமையை மாற்ற முடியாது, டாக்டரம்மாவுக்கு அங்கே வேலை வந்தாச்சு. இந்த வீட்டைத் திறந்து விடுங்க. திங்கள், வியாழன் வீட்டைவிட்டுக் கிளம்பி வர்ற பொம்பளைங்க ராத்திரி இங்கே தங்கட்டும். மறுநாள் டாக்டரம்மா பார்க்கட்டும். தன்னால வர முடியாத வாரம் கூடப் படிச்ச ஒரு தோழியை அனுப்பறேன்னு சொல்றாங்க. அஞ்சு வருஷமானாலும் வர்றேங்கிறாங்க. வேற என்ன வேணும் உங்களுக்கு?"

"இந்த வூட்டுலயா?" நாராயணப்பன் எழுந்துவிட்டார். "ஹோமம் வளத்து, பால் காய்ச்சின வூடு இது! ஊர்ல இருக்கிற புள்ளத்தாச்சியெல்லாம் வந்து படுத்துக்கிட்டு, இங்கேயே ஒண்ணு பெத்துப் போட்டா? தீட்டு யாரு கழிக்கிறது, நீயா?"

"பிரசவ டாக்டருக்குக் கட்டின வீடுதானே நைனா? அவங்க கையைக் கழுவிட்டு வந்தா தீட்டு போயிடுமா?"

"டாக்டருக்குக் கட்டினது. டாக்டர்தான் இருக்கணும். இல்லன்னா பூட்டிக் கிடக்கட்டும்."

அத்தோடு பேச்சு முடிந்தது. தங்கி வேலை பார்க்கும் முழு நேர டாக்டர்தான் வேண்டும், வந்து போகும் ஏற்பாடு தேவையில்லை என்று எழுதிய தாளில் நாராயணப்பன் கையெழுத்துப் போட்டார். வெங்கடசாமி போட்டார். குலாம் முகம்மது பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பூவம்மாளைப் பார்த்தார், நாராயணப்பனைப் பார்த்தார், பெருமூச்சு விட்டுவிட்டுப் போட்டார். கம்பவுண்டர் கோவிந்தன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சேலம் பஸ் பிடிக்க ஓடினான்.

இத்தனை வேகமாக இந்தக் கமிட்டி ஒரு காரியத்தையும் முடித்து அவள் பார்த்ததில்லை.

* * *

வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் ஒரு கூண்டு வண்டி நின்றிருந்தது. அவர்கள் வீட்டு மாடுகள். நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு சின்னராஜ். வண்டிக்குள்ளிருந்து நாகம்மா மெல்ல இறங்கினாள். பின்னாலேயே, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வெங்கடம்மாள்.

"அம்மா! நீங்களா? வெள்ளிக்கிழமை!"

"நான் அனுப்பலை" என்றாள் வெங்கடம்மாள். "இவ நேத்தே போயிட்டாளாம்."

"நேத்தா?"

நாகம்மா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "நேத்து சாயங்காலம் பக்கத்துல சென்னம்மா வூட்டுல பரஸ்தானம் வெச்சுட்டேன் பூவு. ஒரு புடவை, ஒரு துண்டு மஞ்சள், ஒரு பிடி அரிசி. மூட்டை நேத்தே வாசப்படி தாண்டிடுச்சு. நான் பின்னால வந்து சேந்துக்கிட்டேன், அவ்வளவுதான். மாமா கோர்ட்டுக்குப் போறப்ப செய்யறதில்லையா?"

நாராயணப்பன் சேலம் கோர்ட்டுக்கு வாய்தாவுக்குப் போகும்போதெல்லாம், நாள் சரியில்லை என்றால் முதல் நாளே ஒரு மூட்டையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அது நிலத்து வழக்குக்குச் செல்லும் என்றால் வயிற்றுப் பிள்ளைக்குச் செல்லாதா என்று மருமகள் கேட்டாள். வெங்கடம்மாள் விளக்கை ஏற்றி வைத்துவிட்டுத் தானும் வண்டி ஏறிவிட்டாள்.

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணி!"

"சொன்னா நீ அதுக்கும் மூடநம்பிக்கைன்னு கத்துவே."

பூவம்மாளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. யார் மேல் எரிச்சல் என்றுதான் பிடிபடவில்லை. கொஞ்சம் தன் மேலும் இருந்தது. அண்ணியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் சபீஹா நெடுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். கமிட்டி மூவரும் வராண்டாவிலேயே நின்றிருந்தார்கள். காலையிலிருந்து காலியாகக் கிடந்த பெஞ்சியில் இப்போது வெங்கடம்மாள் கையைக் கூப்பியபடி உட்கார்ந்திருந்தாள்.

"குழந்தை நல்லா இருக்கு" என்றார் டாக்டர். "ஆனா குறுக்கே கிடக்கு. வயித்து மேல கையை வெச்சுத் திருப்பிப் பாத்தேன். திரும்பறான், விட்டா பழையபடி குறுக்கேயே படுத்துக்கறான். போன தடவையும் இப்படித்தான் இருந்திருக்கும். தானா பிரசவம் ஆகாது. ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். செவ்வாய்க்கிழமை எடுத்துடலாம். மயக்க மருந்து கொடுக்கிறவரைக் கூட்டிட்டு வரணும்."

"இப்பவே பெங்களூருக்குக் கொண்டுபோயிட்டா?" சின்னராஜ் கேட்டான். ஒரு சண்டையில் அவன் வாயைத் திறந்தது இதுதான் முதல் தடவை.

"அந்த ரோட்டுலயா?" டாக்டர் அவனைப் பார்த்தார். "குறுக்கே கிடக்கிற குழந்தையோட பள்ளத்துல இறங்கி ஏறினா, வழியில பன்னீர்க்குடம் உடைஞ்சா, நான் பக்கத்துல இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. ஒருதரம் பாத்திருக்கீங்களே."

சின்னராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"வண்டியில ஏத்தவே கூடாது. வீட்டுக்கும் வேண்டாம். இங்கேயே, ஆஸ்பத்திரியைத் தொட்டாப்பல, படுத்த படுக்கையா இருக்கணும். முன்னாடியே வலி வந்தா தபால் ஆபீசிலேர்ந்து போன் போடுங்க. நான் கார் பிடிச்சு வந்துடறேன். உள்ளே வார்டுல காய்ச்சல்காரங்க இருக்காங்க, அங்கே படுக்க வைக்க மாட்டேன்."

வேறு இடம் எதுவென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெங்கடம்மாள் பெஞ்சியிலிருந்து எழுந்தாள். புருஷனிடம் நேராக வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஊரார் முன்னால் அவரிடம் கை நீட்டாதவள், கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க."

"இல்ல, அது..."

"தீட்டை நான் கழிச்சுக்கறேன். குடுங்க."

நாராயணப்பன் இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். இழுத்த இழுப்பில் முடிச்சு இன்னும் இறுகியது. குலாம் முகம்மதுதான் குனிந்து அவிழ்த்துக் கொடுத்தார்.

சாவி வெங்கடம்மாள் கைக்குப் போனதும் நாராயணப்பன் டாக்டர் பக்கம் திரும்பினார். அந்தப் பெரிய மனுஷர் குரல் அப்படிச் சிறுத்து ஒலித்ததைப் பூவம்மாள் அதற்கு முன் கேட்டதில்லை.

"டாக்டரம்மா, செவ்வாய்க்கிழமை தவறாம வந்துடுவீங்கதானே?"

டாக்டர் பையை மூடிக்கொண்டிருந்தார். கை நின்றது. "அதை நீங்கதானே சொல்லணும்? இன்னிக்கோட என் உத்தரவு முடியுது. போனுக்கு ஓடி வந்து என்னால முடிஞ்சதைப் பாப்பேன். ஆனா இங்கே ஆபரேஷன் ரூமைத் திறந்து கத்தியைத் தொடணும்னா சேலம் சரின்னு சொல்லணும். உங்க கமிட்டி வேணும்னு எழுதினா அவங்க சரிங்கப் போறாங்க. எழுதிட்டீங்கல்ல?"

நாராயணப்பன் வெங்கடசாமியைப் பார்த்தார். வெங்கடசாமி குலாம் முகம்மதுவைப் பார்த்தார். குலாம் முகம்மது சேலம் பஸ் போகும் கிருஷ்ணகிரி ரோட்டுத் திக்கைப் பார்த்தார்.

"கோவிந்தன் எங்கடா?" என்றார் நாராயணப்பன், யாரையும் பார்க்காமல். "கோவிந்தனைக் கூப்பிடுங்க. அந்தத் தாளை வாங்குங்க."

"எங்கே போய்க் கூப்பிடறது நைனா?" என்றாள் பூவம்மாள். "உங்க கையெழுத்து இந்நேரம் சூளகிரி தாண்டியிருக்கும்."